மேரியக்காவும் அறுபத்திரண்டு கிலோ பரங்கிக்காயும்

வேப்பூர் கூட்டுரோட்டில் விருத்தாசலம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. உறவினர் வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். செல்போனில் எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் பாஸ்கர். லாரிகளின் இரைச்சலில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவர் மறுபடியும் சொன்னார்.

"மேரியக்கா போயிட்டாங்க செல்வி. காலையில தண்ணி புடிச்சாந்து வச்சிட்டு வாசப்படியில ஒக்காந்தாங்களாம். அப்படியே சாஞ்சிட்டாங்க."

நான் அழுவதைப் பார்த்து, பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விசாரித்தார். கூட வேலை பார்த்தவர் என்றேன். செராமிக் கம்பெனி, ஆரோக்கியமேரி என்று பெயர் சொன்னேன். அவர் கை மெல்ல விலகியது.

"அந்தப் பரங்கிக்கா பொம்பளையா?" என்று கேட்டவர், ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

மேரியக்காவைப் பார்த்தே இராத ஒருவர், அவர் இறந்த பிறகும் அப்படித் தள்ளி நிற்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்களுக்கு இது நினைவூட்டல். அறியாதவர்களுக்கு, நடந்தது இதுதான்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் கப்பும் சாசரும் செய்யும் சிறிய கம்பெனி எங்களுடையது. நான் பேக்கிங்கில் இருந்தேன். மேரியக்கா கிளேஸ் போடும் பிரிவு. காய்ந்த கப்பை இரண்டு விரலால் பிடித்து, பால் போன்ற அந்தக் குழம்பில் முக்கி, ஒரு சுழற்றுச் சுழற்றி எடுத்து வைப்பார். சரியாக வராத கப்பைப் பார்த்தால், "இது மாமியாக்காரி மாதிரி மூஞ்சத் தூக்கிட்டு இருக்குது பாரு" என்பார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஒரு தட்டு நிறைய கப்புகளைக் கீழே போட்டு உடைத்துவிட்டேன். சத்தம் கேட்டு பாஸ்கர் ஓடி வந்தபோது, மேரியக்கா தலையைக்கூடத் திருப்பாமல், "பூனை தள்ளிடுச்சி சார்" என்றார். எங்கள் கம்பெனியில் பூனையே கிடையாது. அன்றிலிருந்து ரொம்ப நாளைக்கு எனக்குப் பூனை என்றுதான் பெயர்.

அவர் கணவர் சவரிமுத்து, ரயில்வே ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குபவர். பிள்ளைகள் இல்லை. கேரளாவுக்கு வேலைக்குப் போகிறேன் என்று அவர் சொல்ல, வேண்டாம் என்று இவர் சொல்ல, ஒருநாள் சாயங்காலம் பெரிய சண்டை நடந்தது. தெருவே கேட்டது. மறுநாள் சவரிமுத்து வீட்டில் இல்லை. கோபத்தில் கிளம்பிவிட்டார், பணம் அனுப்புவார், ஆள் அனுப்புவார் என்று மேரியக்கா காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. அவரே போய்ப் போலீசில் எழுதிக் கொடுத்தார். பாலக்காடு வரைக்கும் ரயிலேறிப் போய்த் தேடிவிட்டும் வந்தார். வந்து மறுநாள் வேலைக்கு உட்கார்ந்தவர், "மலையாளத்துல எல்லாரும் நல்லாதான் பதில் சொல்றாங்க. எனக்குத்தான் ஒண்ணும் புரியல" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். உதடு கோணிக்கொண்டது.

தொழிற்பேட்டையை ஒட்டி அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால், எப்போதோ இடிந்துபோன சூளை ஒன்றின் பள்ளம் இருந்தது. குப்பையும் உடைந்த சாசர்களும் கொட்டிக் கொட்டி மேடாகியிருந்தது. சவரிமுத்து போன அடுத்த ஆடியில், அந்த மேட்டில் ஒரு பரங்கிக்கொடி தானாக முளைத்தது. இலை ஒவ்வொன்றும் முறம் அகலம். கொடியின் பற்றுச்சுருள் பின்கதவின் தாழ்ப்பாளைச் சுற்றிக்கொள்ளும். காலையில் அதைப் பிரித்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். "தெனமும் இதே கதையா இருக்குதுடி. உள்ள வரணும்னு அடம் புடிக்கிது" என்பார்.

அந்தக் கொடியில் ஒரே ஒரு காய்தான் நின்றது. பொங்கலுக்கு முன்னால் அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நாங்கள் இருவரும் எடை போட அலைந்தோம். காய்கறிக் கடைத் தராசுத் தட்டில் அது உட்காரவே இல்லை. கடைக்காரர், "கன்னுக்குட்டிய எடுத்தாந்து வச்சா நான் என்னா பண்றது?" என்று சிரித்தார். கடைசியில் பழைய இரும்புக் கடையில், சாக்கில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்ததில் நாற்பது கிலோவை ஒட்டி வந்தது. மேரியக்காவின் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தக் காயை மாதா கோயில் அசன விருந்துக்குக் கொடுத்துவிட்டார். தெரு முழுக்கச் சாப்பிட்டது. நானும் சாப்பிட்டேன். நல்ல இனிப்பு.

விதையை எடுத்து வைத்து அடுத்த ஆடியில் அதே மேட்டில் ஊன்றினார். இந்த முறையும் ஒரே காய். ஆனால் வளர்ந்த விதம் வேறு. மார்கழியில் ஒருநாள் வேலைக்குக் கூப்பிடுவதற்காக அவர் வீட்டுக்குப் போனேன். பனி கொட்டி ஊரே நனைந்திருந்தது. அந்த மேட்டில் மட்டும் இலைகள் ஈரமே இல்லாமல் கிடந்தன. தெருநாய்கள் நாலைந்து அந்தக் காயை வளைத்துக்கொண்டு, எல்லாம் அதன் பக்கமாகவே முகத்தை வைத்துப் படுத்திருந்தன. நான் போனதற்கு ஒன்றும் அசையவில்லை. மேரியக்கா என் கையை எடுத்து அந்தக் காயின் மேல் வைத்தார்.

"சுடுது பாத்தியா?"

காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டது போல இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

தை பிறந்ததும் காயைக் கொடியிலிருந்து அறுத்தார். இருவர் வெறுங்கையால் தூக்க முடியாத கனம். இரும்புக் கடைக் கொக்கி தாங்காது என்பதால், களிமண் மூட்டை எடை போடும் எங்கள் கம்பெனித் தராசில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துப் பார்த்துக்கொள்ள பாஸ்கர் சம்மதித்தார். சாக்கில் போட்டுத் தூக்கி வர, சவரிமுத்துவின் கூட்டாளியான கோவிந்தன் அண்ணன் கூட்ஸ் ஷெட்டிலிருந்து ஆட்களுடன் வந்தார். தராசு முள் ஆடி நின்றது. கோவிந்தன் அண்ணன் குனிந்து பார்த்தார்.

"அறுவத்திரெண்டு" என்றார். எல்லோரும் ஓ என்று கத்தினோம். அவர் மட்டும் நிமிரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நம்ம சவரி எடை" என்றார்.

"என்னாண்ணே சொல்றீங்க?" என்று கேட்டார் மேரியக்கா.

"ஷெட்டுத் தராசுல நாங்க அப்பப்ப ஏறி நிப்போம். அவன் எப்ப ஏறுனாலும் அறுவத்திரெண்டுதான். கூடவும் மாட்டேங்குது, கொறையவும் மாட்டேங்குதுன்னு சிரிப்பான்."

யாரோ ஒருவர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லாமல் நிறுத்திக்கொண்டார். காயைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர் போய்ச் சுவரில் கையைத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாளுக்குள் தெருவெல்லாம் அதே பேச்சு. சண்டை போட்ட மறுநாள் ஆள் காணவில்லை, அதன் பிறகுதான் கொடி முளைத்தது, அவர் எடையிலேயே காய் காய்த்திருக்கிறது. போன வருடம் அசனத்தில் சாப்பிட்டது நினைவுக்கு வந்து, குழாயடியில் ஒரு பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வாந்தி எடுத்தார். மேரியக்கா தண்ணீர் பிடித்துப் போனதும், மற்றவர்கள் குழாயைக் கழுவிவிட்டுத்தான் குடம் வைத்தார்கள். கம்பெனியில் அவர் முக்கி வைத்த கப்புகளை எடுக்கச் சிலர் யோசித்தார்கள். நான் எடுத்தேன்.

அந்த வாரமே சவரிமுத்துவின் தம்பி பிலவேந்திரன், ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து ஊரிலிருந்து வந்து வாசலில் நின்று கத்தினார்.

"எங்கண்ணன எங்க பொதச்ச? சொல்லு!"

"ஒங்கண்ணன் எங்கன்னு நானும்தான் ரெண்டு வருசமா கேக்குறேன். ஒருத்தராச்சும் பதில் சொன்னீங்களா?" என்றார் மேரியக்கா. குரலை உயர்த்தவில்லை. பிலவேந்திரன் நேரே போலீசுக்குப் போனார். மேட்டைத் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது.

மேரியக்கா அன்று என்னை அழைத்தார். "அந்தத் தராசு தப்புடி. களிமண்ணு ஒட்டி ஒட்டி அது என்னைக்கு சரியா காட்டிச்சி? ஒழுங்கா எடை போட்டு வேற கணக்கு வந்துட்டா இவங்க வாயி மூடிடும். நீ வர்றியா?"

போனோம். இரும்புக் கடைக்காரர் எங்களைக் கண்டதும் ஷட்டரைப் பாதி இறக்கினார். ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்தவர், "பொணத்த எடை போடச் சொல்ற மாதிரி இருக்குதும்மா, வேணாம்" என்று கும்பிட்டார். லாரி எடை மேடைக்காரர் ஒருவர்தான் பயப்படவில்லை. ஆனால், "இது டன் கணக்கு பாக்குறது. இந்தக் காயை வச்சா முழுங்கிட்டு சும்மா இருக்கும்" என்றார். முதலாளியிடம் கம்பெனித் தராசை மறுபடி கேட்க பாஸ்கருக்குத் தைரியம் வரவில்லை.

"கடைக்காரன் தராசு இல்லன்னா எடையே இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே மேரியக்கா வீட்டுக்குத் திரும்பினார். பின்புறத்து வேப்பமரக் கிளையில் ஒரு சவுக்குக் கழியை, நடுவை அளந்து, கயிற்றில் தொங்கவிட்டோம். ஒரு முனையில் சாக்கில் காய். மறுமுனையில் சாக்குக்குச் சாக்கு, கயிற்றுக்குக் கயிறு, அதில் பிளாஸ்டிக் குடங்கள். குடத்துக்குப் பதினைந்து லிட்டர், அதாவது பதினைந்து கிலோ. மூன்று குடம் வரைக்கும் காய் தரையை விட்டு அசையவில்லை. நாலாவது குடத்தில் லேசாக ஆடியது. மேரியக்கா செம்பால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். காய் மெல்லத் தரையை விட்டு எழும்பி வந்து, கழி மட்டமானதும் நின்றது. மாசிக் காற்று அன்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வேப்பிலை எல்லாம் ஆடியது. அந்தக் கழி மட்டும் ஆடவில்லை.

நாலு குடம், இரண்டு செம்பு. செம்புக்கு ஒரு லிட்டர். அதே அறுபத்திரண்டு. மேரியக்கா செம்பைக் கீழே வைத்தார்.

"குடம் அளவு சரியில்லாம இருக்கும். தொட்டியில போட்டுப் பாப்போம்."

இடிந்த சூளையை ஒட்டி, களிமண் ஊறப்போடும் சிறிய சிமெண்டுத் தொட்டி ஒன்று தரை மட்டத்தில் இருந்தது. மிதக்கிற பொருள் தன் எடைக்குத் தண்ணீரை விலக்கும் என்று நான் பத்தாவதில் படித்திருந்தேன். காயை உருட்டித் தொட்டியில் விட்டோம். தண்ணீர் ஏறிய இடத்தில் கரியால் கோடு போட்டேன். காய் மிதந்தது. பிறகு யாரும் தொடாமலே, மெதுவாக, ஒரு பக்கமாகத் திரும்பி, காம்பு கீழே போய், வெளுத்த அடிப்பக்கம் மேலே வந்து நின்றது.

"தூக்கத்துல பொரண்டு படுக்குற மாதிரி இருக்குதுல்ல?" என்றார் மேரியக்கா, மெல்லிய குரலில்.

காயைக் கழியில் கட்டி வெளியே எடுத்தோம். கரிக்கோடு வரைக்கும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். மறுபடியும் நாலு குடம், இரண்டு செம்பு. தன்னைக் காப்பாற்ற வேறு ஒரு கணக்கு வராதா என்று அவர் எத்தனை வழி தேடினார்! எல்லா வழியும் அந்த ஒரே இடத்தில் கொண்டுபோய் விட்டது.

மேரியக்கா தொட்டிக் கரையில் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சரிடி. அறுவத்திரெண்டுதான். தராசு பொய் சொல்லல. அதுக்காக நான் செய்யாதத செஞ்சதா ஆயிடுமா? தோண்டட்டும்."

மறுநாள் காலையில் அவரே ஸ்டேஷனுக்குப் போய், இன்றைக்கே வாருங்கள் என்று அழைத்து வந்தார். தெருவே கூடிவிட்டது. கூலியாட்கள் இருவர் தோண்டினார்கள். சாம்பல், உடைந்த சாசர், சாம்பல். கொடியின் வேர் கைப்பருமனில் கீழே கீழே இறங்கிப் போனது. இடுப்பளவு ஆழத்தில் ஒருவர் அலறிக்கொண்டு மேலே தாவினார்.

"சூடா இருக்குது! அடியில என்னமோ சூடா இருக்குது!"

கூட்டம் பின்னால் சரிந்தது. பிலவேந்திரன் சிலுவை போட்டுக்கொண்டார். இன்னும் தோண்டச் சொன்னார் போலீஸ்காரர். செங்கல் தெரிந்தது. அது பழைய புகைப்பாதை. பக்கத்துக் கம்பெனிச் சூளையிலிருந்து தரைக்கடியில் வந்து இந்த இடிந்த சூளையில் முடிந்திருந்தது. அந்தச் சூட்டில்தான் வருடம் முழுக்க மண் வெதுவெதுப்பாக இருந்திருக்கிறது. கொடி அப்படி வளர்ந்ததும், நாய்கள் வந்து படுத்ததும், பனி விழாததும் அதனால்தான். செங்கலைப் பெயர்த்து உள்ளே விளக்கு அடித்துப் பார்த்தார்கள். வேரைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு எலும்பு, ஒரு துணி இல்லை.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். பக்கத்துச் சூளையைப் பொங்கலுக்கு அணைத்தவர்கள் அதுவரை மூட்டியிருக்கவில்லை. "செங்கல்லு சூட்டப் புடிச்சி வச்சிக்கும்மா" என்றார் அங்கிருந்த மேஸ்திரி. அவர் சொன்னதை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். வேறென்ன செய்வது?

காயையும் அறுத்துப் பார்க்கச் சொன்னார் போலீஸ்காரர். அரிவாளை வாங்க ஒருவரும் முன்வரவில்லை. மேரியக்கா வாங்கினார். இரண்டாகப் பிளந்தபோது கூட்டத்தில் ஒரு பெண் வீறிட்டார். உள்ளே விதைகள் எல்லாம் ஏற்கெனவே முளைத்திருந்தன. வெளுத்த தண்டுகள், வெயில் படாத மஞ்சள் இலைகள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குடல் மாதிரி கிடந்தன. முற்றிய காய் சூட்டில் கிடந்தால் அப்படி முளைப்பதுண்டு என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த நேரத்தில் அது தெரியாது.

மேரியக்கா அந்த முளைகளை வழித்து எடுத்துப் பள்ளத்தில் போட்டார். ஒரு துண்டு வெட்டி, அங்கேயே மூன்று கல் கூட்டி, எல்லோரும் பார்க்க வேகவைத்து, தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினேன். என் கையிலும் வைத்தார்.

"எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

"சப்புன்னு இருக்குதுக்கா."

"ஆமாண்டி. போன வருசத்துது எவ்ளோ தித்திப்பு" என்று அவர் சொன்னது, கூட்டத்தில் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஒரு தவக்காலத்தில், சவரிமுத்து திரும்பி வந்தார். கேரளாவில் கல் குவாரி லாரியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, ஆஸ்பத்திரி, அநாதை இல்லம் என்று கிடந்திருக்கிறார். பெயரும் ஊரும் நினைவுக்கு வரவே வருடங்கள் ஆகியிருக்கின்றன. முகத்தின் ஒரு பக்கம் தையல் போட்டுச் சுருங்கியிருந்தது. குரலும் மாறிவிட்டிருந்தது.

இனி ஊர் வாயடைத்துப் போகும் என்று நினைத்தேன். பிலவேந்திரன் வந்து நின்று பார்த்துவிட்டு, "இது எங்கண்ணன் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவுக்கு அது போதுமாக இருந்தது. வந்தது யார், எங்கிருந்து வந்தது என்று வேறு பேச்சு கிளம்பியது. பள்ளத்தில் போட்டு மூடிய முளைகளைப் பற்றியும் பேசினார்கள். அதை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

கோவிந்தன் அண்ணன் நல்ல மனதோடுதான் ஒரு யோசனை சொன்னார். "ஷெட்டுத் தராசுல ஒரு தடவ ஏத்திப் பாத்துடலாம் தங்கச்சி. எல்லாரு சந்தேகமும் தீந்துடும்."

"வேணாண்ணே" என்றார் மேரியக்கா. "எடைய நம்பி ஒரு தடவ தோண்டுனாங்க. எடைய நம்புனவங்க ஆளை நம்ப மாட்டேங்கிறாங்க. எம்புருசன தராசுல ஏத்த நான் வுட மாட்டேன்."

கடைசி வரைக்கும் விடவில்லை. சவரிமுத்துவுக்குக் குளிர் தாங்காது. பின்புறத்தில், மூடிய பள்ளத்தின் மேல் ஒரு சாக்கை விரித்து அதிலேயே உட்கார்ந்திருப்பார். மண் வெதுவெதுப்பாக இருக்கிறது என்பார். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, கேட்கக் கூடாதுதான் என்று தெரிந்தும் மேரியக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, ஒங்களுக்கு சந்தேகமே வந்ததில்லியா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "வரும். மத்தியானத்துல அவரு அந்தப் பக்கமா திரும்பிப் படுத்திருப்பாரு பாரு, அப்ப வரும். அப்புறம் எழுந்து கொழம்புல உப்பு இல்லன்னு கத்துவாரு. போயிடும்." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "போவாத நாளும் உண்டு. அன்னிக்கும் சோறு போடுவேன். அவ்ளோதான்" என்றார்.

இதற்கு மேல் பெரிய வார்த்தை எதையும் மேரியக்கா பேசி நான் கேட்டதில்லை.

அடக்கத்தன்று வானம் மூடிக்கொண்டிருந்தது. கம்பெனியிலிருந்து எல்லோரும் வந்திருந்தோம். தெருக்காரர்களும் வந்தார்கள், சற்றுத் தூரமாகவே. பெட்டியைத் தூக்கும்போது முன்பக்கம் ஒரு மூலையைச் சவரிமுத்து பிடித்தார். பின்னால் கோவிந்தன் அண்ணனும் பாஸ்கரும் பிடித்தார்கள். சவரிமுத்துவுக்குப் பக்கத்து மூலை காலியாக இருந்தது. அவர் தோளோடு தோள் உரச யாருக்கும் மனம் வரவில்லை. பங்குச் சாமியார் கூட்டத்தைப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் அந்த மூலையைத் தோளில் வாங்கினேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் பெட்டி தூக்குவதில்லை. சாமியார் ஜெபத்தைத் தொடங்கினார்.

கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். மேரியக்கா, உங்கள் மேல் பட்ட பேச்சுக்கெல்லாம் நீங்கள் பதில் சொல்லி முடித்துவிட்டீர்கள். இனி யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. இளைப்பாறுங்கள்.

தூறல் விழுந்ததும் எல்லோரும் கலைந்தார்கள். சவரிமுத்து மட்டும் குழி ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"செல்வி, நான் சவரிமுத்துதான?" என்று கேட்டார்.

நான் இன்னும் ஒரு அடி கிட்டே போனேன்.

"அவ இருந்த வரைக்கும் தெனமும் பேர் சொல்லி கூப்புடுவா. எனக்கும் அதுதான் தைரியம். இனிமே யாரு சொல்லுவா?"

மழை கனத்தது. வாசல் கேட்டருகே குடை பிடித்து நின்ற தெருக்காரர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

"வாங்க சவரி மாமா" என்றேன், அவர்களுக்கும் கேட்கும்படி. "நனையாதீங்க. வூட்டுக்குப் போவலாம்."